செட்டும் சிம்மும் ஒத்துப்போகுமா என்பதை வாங்கும் முன்பே சொல்லுங்கள்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கும், மத்தியத் தொலைத்தொடர்புத் துறைச் செயலர் அவர்களுக்கும்,

மதுரை மாவட்டம் உசிலம்பட்டிப் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறேன். சிம் போடுவது, ரீசார்ஜ், போர்ட் (எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றுவது) எடுத்துக் கொடுப்பது, டிஸ்ப்ளே மாற்றுவது, பழைய செட் வாங்கி விற்பது என எல்லாம் பார்க்கிறோம். இந்த மடலை எழுத வைத்தது ஒரு புகாருக்கு வந்த பதில். 'எங்கள் நெட்வொர்க்கில் குறை ஏதும் இல்லை, கைபேசி தயாரிப்பாளரை அணுகவும்' என்று சொல்லி, சேவை நிறுவனம் புகாரை முடித்துவிட்டது. அதே செட்டை மதுரையில் உள்ள சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால், 'செட்டில் ஒரு குறையும் இல்லை, சிம் கம்பெனியைக் கேளுங்கள்' என்கிறார்கள். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். செட் நல்ல செட், டவரும் நல்ல டவர். ஆனால் அந்தச் செட்டில் அந்த சிம்மைப் போட்டால் போன் பேச முடியவில்லை. இதை முன்கூட்டியே சொல்லும் கடமை யாருக்கும் இல்லாதபடி உங்கள் விதிகள் இருக்கின்றன.

அந்தப் புகார் மல்லிகை விவசாயம் செய்யும் ஒரு அக்காவுடையது. எங்கள் பக்கத்தில் மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குக் காலை நேரத்தில் வரும் போன்தான் அன்றைய வருமானம். விடிவதற்கு முன்பே மொட்டுப் பறிப்பு தொடங்கிவிடும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இருந்து கமிஷன் கடைக்காரர் கூப்பிட்டு, இன்றைக்கு விலை இப்படி இருக்கிறது, இவ்வளவு அனுப்புங்கள் என்பார். முகூர்த்த நாள் என்றால் விலை மணிக்கு மணி மாறும். அந்த அக்காவுக்குத் தோட்டத்தில் பழைய சிம்மில் டவர் விட்டு விட்டு வந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு வேறு கம்பெனி சிம்மில் நன்றாக எடுக்கிறது என்று பார்த்து, எண்ணை அந்தக் கம்பெனிக்கு மாற்றினார். அது நியாயமான முடிவு. எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றிக்கொள்ளலாம் என்ற உரிமையை 2011 ஜனவரியில் நாடு முழுவதும் நீங்கள்தான் கொண்டுவந்தீர்கள்.

மாற்றிய பிறகு தோட்டத்தில் நெட் பறந்தது. வாட்ஸ்ஆப் வந்தது, பேரன் யூடியூப் பார்த்தான். போன் மட்டும் வரவில்லை. "தம்பி, எல்லாம் ஓடுது, கமிஷன் கடைக்காரர் கூப்பிட்டா மட்டும் தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு சொல்லுதாம்" என்று கடைக்கு வந்தார். செட்டிங்ஸில் போய்ப் பார்த்தேன். அந்த சிம்முக்கு வோல்ட்டி (4ஜி வழியே பேசும் வசதி) என்ற வரியே இல்லை. பழைய கம்பெனியின் சிம் ஒன்றை அதே செட்டில் போட்டேன். வோல்ட்டி வரி வந்தது, மேலே ஹெச்டி என்று காட்டியது. அக்காவின் புது சிம்மை வேறொரு செட்டில் போட்டேன். அதிலும் ஹெச்டி வந்தது. ஆக, செட்டிலும் கோளாறு இல்லை, சிம்மிலும் கோளாறு இல்லை.

இதன் காரணம் உங்களுக்குத் தெரியும். இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 4ஜி முதலில் டேட்டாவுக்காக வந்தது. அதன் வழியே பேச வேண்டுமானால் வோல்ட்டி வேண்டும். அது வேலை செய்ய, ஒவ்வொரு சேவை நிறுவனத்துக்கும் உரிய அமைப்பு அந்தச் செட்டின் மென்பொருளுக்குள் இருக்க வேண்டும். செட் தயாரித்தவரும் சேவை நிறுவனமும் சேர்ந்து சோதித்து அதைச் செய்ய வேண்டும். ஒரு கம்பெனிக்குச் செய்துவிட்டு இன்னொரு கம்பெனிக்குச் செய்யாமல் விட்டால், அந்த இன்னொரு கம்பெனி சிம்மில் நெட் ஓடும், ஆனால் அழைப்பு வரும்போது செட் 4ஜியை விட்டுப் பழைய 2ஜிக்கு இறங்கப் பார்க்கும். அந்த இடத்தில் 2ஜி வலுவாக இருந்தால் பேசலாம். இல்லாவிட்டால் அழைத்தவருக்கு 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்ற குரல்தான் கேட்கும். அக்காவின் தோட்டத்தில் நடந்தது இதுதான். பெட்டியில் '4ஜி' என்று பெரிதாகப் போட்டிருந்தது. அதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அவருக்குத் தெரிய வேண்டியது அதில் இல்லை.

செட் வாங்கித் தவணை முடியவில்லை. போன் வராத போனுக்கு மாதாமாதம் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார். சரி, பழைய கம்பெனிக்கே திரும்பிப் போய்விடலாம் என்றால், போர்ட் ஆன பிறகு 90 நாள் இருந்தால்தான் அடுத்த போர்ட்டுக்கு அனுமதி. மல்லிகை சீசனில் 90 நாள் என்றால் என்னவென்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கடைசியில் வேறு வழியில்லாமல் ஒரு பட்டன் போனைத் தனியாக வாங்கி, அதற்கு வேறு ஒரு சிம் போட்டு, அந்த எண்ணைக் கமிஷன் கடையில் கொடுத்திருக்கிறார். இரண்டு போன், இரண்டு ரீசார்ஜ்.

இது ஒருவரின் கதை என்று ஒதுக்க வேண்டாம். எங்கள் கடைக்கு இந்தப் பிரச்சினை பல வடிவத்தில் வருகிறது.

அலைவரிசைப் பிரச்சினை முதலாவது. நாட்டில் எல்லாரும் 4ஜி என்றே சொன்னாலும், ஒவ்வொரு நிறுவனமும் ஓட்டும் அலைவரிசை வேறு. ஜியோவின் 4ஜி 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. பிஎஸ்என்எல் தன் புதிய 4ஜியை 700, 2100 மெகாஹெர்ட்ஸில் கொண்டுவந்திருக்கிறது. மற்ற இரண்டு நிறுவனங்களான ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் 900, 1800, 2100 என்று தங்களிடம் உள்ளதை வைத்து ஓட்டுகின்றன. இந்த மெகாஹெர்ட்ஸ் எண் குறையக் குறைய அலை தூரம் போகும், சுவருக்குள் நுழையும். எழுமலை, சாப்டூர் போன்ற மலையடிவார ஊர்களில் வீட்டுக்குள் டவர் எடுப்பதும் எடுக்காததும் பெரும்பாலும் இந்தக் குறைந்த அலைவரிசையைப் பொறுத்தது. ஆனால் நான்கைந்து வருடத்துக்கு முன்பும் அதற்கு முன்பும் வாங்கிய மலிவு 4ஜி செட்டுகள் பலவற்றில் 700க்கான வசதியே கிடையாது. தெருவில் நின்றால் டவர் காட்டும், வீட்டுக்குள் வந்தால் போய்விடும். வாடிக்கையாளர் டவரைத் திட்டுகிறார். நான் செட்டின் மாடல் எண்ணை இணையத்தில் தேடி, ஆங்கிலத்தில் பேண்ட் 1, பேண்ட் 3, பேண்ட் 5 என்று அலைவரிசைகளைக் குறித்து ஓடும் ஒரு வரியைப் படித்துப் பார்த்துத்தான் காரணத்தைச் சொல்ல முடிகிறது. அதுவும் ஒரே பெயரில் இரண்டு மூன்று மாடல் இருந்தால் எந்த வரி எந்த மாடலுக்கு என்று தெரிவதில்லை.

5ஜி வந்த பிறகு இது இன்னும் சிக்கலானது. 2022 அக்டோபர் 1 அன்று 5ஜி தொடங்கி வைக்கப்பட்டது. அன்றைக்கு 5ஜி என்று விலை கொடுத்து வாங்கிய செட்டுகளை வைத்திருந்த பலருக்கு 5ஜி வரவில்லை. மென்பொருள் அப்டேட் வர வேண்டும் என்றார்கள். ஐபோன்களுக்கு அது டிசம்பரில்தான் வந்தது. ஒரு நிறுவனம் முழுக்க 5ஜியாகவே தனித்து நிற்கும் முறையிலும், இன்னொன்று 4ஜியின் மேல் ஏற்றி வைத்த முறையிலும் தொடங்கின. ஒரு முறைக்கு மட்டும் தயாராக இருந்த செட் இன்னொரு நிறுவனத்தின் 5ஜியைப் பிடிக்கவில்லை. அந்த மாதமே அரசு கைபேசி நிறுவனங்களையும் சேவை நிறுவனங்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, அப்டேட்டை விரைவுபடுத்தச் சொன்னது. நீங்கள் கூப்பிட்டால் அவர்கள் வருகிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. 5ஜிக்கு எடுத்த அக்கறையைச் சாதாரணமாகப் பேசுவதற்கும் எடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அப்புறம் வெளிநாட்டுச் செட்டுகள். எங்கள் மாவட்டத்திலும், பக்கத்தில் சிவகங்கை, ராமநாதபுரத்திலும் வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூரிலோ, மலேசியாவிலோ, வளைகுடாவிலோ வேலை பார்க்கிறார்கள். ஊருக்கு வரும்போது அம்மாவுக்கு ஒரு நல்ல போன் வாங்கி வருவார்கள். அந்தச் செட் அந்த நாட்டு அலைவரிசைக்கும் அந்த நாட்டு நிறுவனங்களின் அமைப்புக்கும் ஏற்ப வந்திருக்கும். இங்கே ஒரு சிம்மில் ஓடும், இன்னொன்றில் ஓடாது. அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன்களில், 2022இல் வந்த ஐபோன் 14 வரிசையில் இருந்து சிம் போடும் இடமே கிடையாது, இசிம் (செட்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம்) மட்டும்தான். பிள்ளை ஆசையாய் வாங்கிக் கொடுத்த செட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிம் எங்கே போடுவது என்று ஒரு தாய் கேட்கும்போது, இசிம் பற்றி விளக்கி, அதற்கு வேண்டிய க்யூஆர் கோடை எடுத்துக் கொடுத்து அனுப்புவது எனக்குச் சிரமமில்லை. ஆனால் அந்தத் தாய்க்கு முன்பே தெரிந்திருக்க ஒரு வழி இருக்க வேண்டும்.

விலை குறைவு என்று ஒரே கம்பெனி சிம்முக்குப் பூட்டி விற்கும் செட்டுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூட்டி விற்பது தவறு என்று நான் சொல்லவில்லை. தள்ளுபடி கொடுத்தவர் சில மாதம் பூட்டிக்கொள்ளட்டும். ஆனால் அந்தச் செட் பிறகு பழைய செட்டாக என் கடைக்கு வரும்போது, பூட்டு இருப்பது விற்பவருக்கும் தெரிவதில்லை, வாங்குபவருக்கும் தெரிவதில்லை. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மீனாட்சி பஜாரில் பழைய செட் வாங்கிச் செல்லும் கல்லூரிப் பிள்ளைகள், வீட்டுக்குப் போய் சிம் போட்ட பிறகே கண்டுபிடிக்கிறார்கள்.

இனி உங்கள் இரு அலுவலகங்களைப் பற்றி. ஆணையத்திடம் போனால், தனிநபர் புகார்களை நாங்கள் கையாளுவதில்லை, கைபேசி எங்கள் வரம்பில் இல்லை என்கிறது. சட்டப்படி அது சரிதான். துறையிடம் போனால் புகார் சேவை நிறுவனத்துக்கே திருப்பி அனுப்பப்படுகிறது. சேவை நிறுவனம் செட்டைக் கைகாட்டுகிறது. இந்தச் சுற்றில் கடைசியாக வந்து நிற்கும் இடம் என் கடை. அதனால்தான் இருவருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன்.

கைபேசியில் என்ன இருக்க வேண்டும் என்று அரசு தலையிட முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2012 செப்டம்பர் முதல் கைபேசியின் கதிர்வீச்சை உடல் உள்வாங்கும் அளவு கிலோவுக்கு 1.6 வாட்டுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்தீர்கள். இன்று பெரும்பாலான செட்டுகளில் *#07# என்று அடித்தால் அந்த அளவைப் பார்க்கலாம். 2017 ஜனவரி முதல் ஆபத்துக்கால பொத்தான் இல்லாத செட்டை விற்க முடியாது என்றீர்கள். பட்டன் போனிலும் வந்தது. இந்திய மொழி எழுத்துகளைப் படிக்க முடியாத செட் விற்கக் கூடாது என்றும் அரசு விதி போட்டது. ஒவ்வொன்றும் நல்ல முடிவு, ஒவ்வொன்றையும் நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டன. நாட்டில் நான்கே நிறுவனம். இந்தச் செட்டில் அந்த நான்கில் எதில் பேச முடியும் என்று பெட்டியில் நான்கு வரி எழுதுவதற்கு அவற்றை விடப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை.

ஆணையத்தின் 2024ஆம் ஆண்டு சேவைத் தர விதிமுறைகள் வந்தபோது நான் உண்மையிலேயே மகிழ்ந்தேன். எந்த ஊரில் எந்த நிறுவனத்துக்கு 2ஜி, 4ஜி, 5ஜி இருக்கிறது என்ற வரைபடத்தை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும் என்று அது சொல்கிறது. வாடிக்கையாளர்களுக்கு அதைக் காட்டித்தான் சிம் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். ஆனால் வரைபடம் டவரின் பக்கத்தை மட்டும்தான் சொல்கிறது. அக்காவின் தோட்டம் அந்த வரைபடத்தில் நல்ல நிறத்தில்தான் இருக்கிறது. கையில் உள்ள செட் அந்த டவரில் பேசுமா என்ற மறுபாதி எங்கேயும் இல்லை. பாதித் தகவலை நம்பி ஒருவர் கம்பெனி மாறினால், அந்தத் தகவலே அவரைச் சிக்க வைக்கிறது.

ஆஸ்திரேலியாவில் 2024 இறுதியில் 3ஜியை நிறுத்தினார்கள். அதற்கு முன்பு, தன் செட் 4ஜியில் பேசுமா என்று ஒரு எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பித் தெரிந்துகொள்ள வழி செய்தார்கள். நெட் ஓடினாலும் அவசர எண்ணுக்கு அழைக்க முடியாத செட்டுகளைக் கண்டுபிடித்து, அவற்றை நெட்வொர்க்கில் இயங்கவிடக் கூடாது என்று சேவை நிறுவனங்களுக்குக் கடமை விதித்தார்கள். தடை செய்வது இங்கே பொருந்துமா என்பது வேறு விவாதம். ஏழை வீட்டில் இருக்கும் ஒரே செட்டை முடக்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் எந்தச் செட் பேசும், எந்தச் செட் பேசாது என்று அங்குள்ள நிறுவனங்களால் கண்டுபிடிக்க முடிந்தது. நம் நிறுவனங்களாலும் முடியும். ஒவ்வொரு செட்டுக்கும் உரிய தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண் அவர்களின் டவருக்கு வந்து பதிவாகிறது. அந்த எண்ணை வைத்து மாடலை அறியலாம், அந்த மாடலில் வோல்ட்டி பதிவாகிறதா என்பதையும் அறியலாம். சிம் மாற்றிய அன்றே அக்காவின் செட் வோல்ட்டியில் பதிவாகவில்லை என்பது அந்த நிறுவனத்தின் கணினிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவருக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

நம்மிடமே அதற்கான வாசல் பாதி கட்டி நிற்கிறது. கேஒய்எம் (KYM) என்று அடித்து, ஐஎம்இஐ எண்ணையும் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், அந்தச் செட் எந்த பிராண்டு, என்ன மாடல், தடை செய்யப்பட்டதா என்று பதில் வருகிறது. பழைய செட் வாங்கும்போது நான் இதை வைத்துத்தான் திருட்டுச் செட்டா என்று பார்க்கிறேன். மிக நல்ல ஏற்பாடு. அதே பதிலில் இன்னும் ஒரு வரி வந்தால் போதும்.

என் கோரிக்கைகளைச் சொல்கிறேன்.

புதிதாக விற்கப்படும் ஒவ்வொரு செட்டின் பெட்டியிலும், இணையத்தில் விற்கும் பக்கத்திலும், இந்தியாவின் நான்கு நிறுவனங்களில் எவற்றின் 4ஜியில் பேச முடியும், எவற்றின் 5ஜி கிடைக்கும், இசிம் உண்டா என்பதை எளிய அட்டவணையாக அச்சிட வேண்டும் என்று துறை விதி கொண்டுவர வேண்டும். எந்த நிறுவனத்தின் சிம்முக்காவது பூட்டப்பட்டிருந்தால் எவ்வளவு காலம் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். காலம் முடிந்ததும் யாரும் கேட்காமலே, கட்டணம் இல்லாமல் பூட்டு திறக்க வேண்டும். தமிழ்நாட்டில் விற்கும் பெட்டியில் அந்த அட்டவணை தமிழிலும் இருக்கட்டும்.

14422க்கு வரும் பதிலில், அந்த மாடல் எந்தெந்த நிறுவனத்தில் பேசும் என்ற விவரத்தையும் சேருங்கள். மாநில மொழியில் பதில் வர வழி செய்யுங்கள்.

போர்ட்டுக்காக 1900க்குச் செய்தி அனுப்பிக் குறியீட்டு எண் பெற்று ஒருவர் புதிய நிறுவனத்திடம் போகும்போது, அவர் கையில் உள்ள செட் தங்கள் நெட்வொர்க்கில் பேசுமா என்று சோதித்து, பேசாது என்றால் மாற்றும் முன்பே எழுத்தில் சொல்லும் கடமையைப் புதிய நிறுவனத்தின் மேல் ஆணையம் விதிக்க வேண்டும். சொல்லாமல் மாற்றிவிட்டால், 90 நாள் காத்திருக்கத் தேவையில்லாமல் அவர் உடனே திரும்பிப் போகலாம், ரீசார்ஜ் செய்த பணமும் திரும்பக் கிடைக்க வேண்டும்.

வோல்ட்டி அமைப்பை எல்லா நிறுவனங்களுக்கும் செய்து முடிக்காமல் ஒரு செட்டை '4ஜி' என்றோ '5ஜி' என்றோ விளம்பரம் செய்யத் தடை வேண்டும். ஏற்கெனவே மக்கள் கையில் இருக்கும், மென்பொருள் அப்டேட்டால் சரிசெய்யக்கூடிய செட்டுகளுக்குக் கெடு வைத்து அப்டேட் கொடுக்கச் சொல்லுங்கள். 2022 அக்டோபரில் கூட்டியது போல ஒரு கூட்டம் இதற்கும் கூட்டுங்கள்.

'செட்டைப் பாருங்கள்', 'நெட்வொர்க்கைப் பாருங்கள்' என்று தள்ளிவிடும் புகார்களுக்கு ஒரே பொறுப்பாளர் வேண்டும். யாரிடம் சிம் வாங்கினாரோ அந்தச் சேவை நிறுவனமே புகாரை எடுத்துக்கொண்டு, கைபேசி நிறுவனத்திடம் பேசி, வாடிக்கையாளருக்குக் காரணத்தைத் தெளிவாக எழுதித் தரும் வரை புகாரை முடிக்கக் கூடாது.

2ஜியே இல்லாத நாடாக வேண்டும் என்ற பேச்சு தொழில்துறையில் இருக்கிறது. என்றோ ஒரு நாள் அது நடக்கும். இன்று வோல்ட்டி இல்லாத செட்டுகள் எங்கள் ஊர்களில் பேசிக்கொண்டிருப்பது அந்த 2ஜியின் தயவில்தான். அதை மூடும் எந்த முடிவுக்கும் முன்பு, எந்த வட்டாரத்தில் எத்தனை செட்டுகள் 4ஜியில் பேச முடியாமல் இருக்கின்றன என்ற கணக்கை நிறுவனங்களிடம் வாங்கி வெளியிடுங்கள். அந்தச் செட்டு வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அவர் எண்ணுக்கே தகவல் போன பிறகுதான் அனுமதி என்று விதியில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
செல்போன் கடைக்காரர் ஒருவர்,
உசிலம்பட்டி வட்டாரம், மதுரை மாவட்டம்